பச்சை நிறத்தில் வந்த ‘போதும்’

உங்கள் கணினியில் அந்த மூன்று கருவிகளையும் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருப்பார்கள். பேச்சை எழுத்தாக்குவது ஒன்று. எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஒன்று. மாற்றியதைப் படித்து, பேசியவரின் மனநிலைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்பது ஒன்று. மூன்றும் இலவசம். மூன்றின் மூல நிரலும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. அவற்றை எப்படி ஓட்டுவது என்று கோகிலா சொல்லித் தருவார், என்னைவிட நன்றாகவே.

நான் இந்த ஆய்வுப் பிரிவில் கள அலுவலராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகமாக எழுத நினைத்து இரண்டு முறை தொடங்கினேன். இரண்டு முறையும் பாதியில் நின்றுபோனது. மனதில் வந்து நின்றது இந்த ஒரு விஷயம்தான். அதையே எழுதுகிறேன். ஆய்வில் பங்கேற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கொடுத்த எண்களைத்தான் சொல்வேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

மலேசியாவின் ஜொகூரில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் தமிழர்களின் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றிய ஆய்வு அது. இவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பது கஷ்டம். விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்தால் குளித்துச் சாப்பிடத்தான் நேரம் இருக்கும். அதனால் குரல் நாட்குறிப்பு என்ற முறையை எடுத்துக்கொண்டோம். வேலை முடிந்து வந்ததும் அன்றைய நாள் எப்படிப் போனது என்று கைப்பேசியில் பேசி எங்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரம், நாற்பது பேர். கேள்வி கேட்க எதிரில் ஆள் கிடையாது. மனதில் இருப்பதைப் பேசலாம்.

பதிவுகள் வெளியே எங்கும் போகக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் கண்டிப்பு. கோகிலா கொண்டுவந்த கருவிகள் எங்கள் அறையிலிருந்த கணினியிலேயே ஓடின. குழுவுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. கோகிலா அப்போது சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உளவியல் படித்தவர், நிரலும் எழுதத் தெரிந்தவர். கருவியோடு வந்த குறிப்புப் பக்கத்தை என்னிடம் காட்டியதும் அவர்தான்.

“அங்கிள், இங்க பாருங்க. தமிழுக்கு இன்னும் சரியா டெஸ்ட் பண்ணலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க.”

“அப்படின்னா நாம டெஸ்ட் பண்ணுவோம்மா,” என்றேன்.

செய்தோம். முதல் வாரப் பதிவுகளில் இருபதை எடுத்து, காதால் கேட்டு, கருவி எழுதியதோடு ஒப்பிட்டோம். நம் ஆட்கள் பேசும் தமிழில் பாதிக்கு மலாயும் ஆங்கிலமும் கலந்திருக்கும். இருந்தும் ஓரளவு சரியாகவே எழுதியிருந்தது. நிறங்களும் பொருந்தின. முதல் வாரத்தில் எல்லோரும் புது ஆளிடம் பேசுவதுபோல் திருத்தமாகப் பேசியிருந்தார்கள். அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது வாரம் தொடங்கியதும் நிதி கொடுத்தவர்கள் இடைக்கால அறிக்கையை முன்கூட்டியே கேட்டார்கள். தினம் நாற்பது பதிவு வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்க ஆள் இல்லை. மஞ்சளும் சிவப்பும் வந்தால் மட்டும் கேட்போம், பச்சையைக் கேட்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவை எடுத்தவன் நான். ஆய்வுத் தலைவராக இருந்த டாக்டர் அம்மா இல்லை. கோகிலாவும் இல்லை. எந்த வேலையை விடலாம், எதை விடக் கூடாது என்று சொல்லவேண்டிய இடத்தில் என்னைத்தான் உட்காரவைத்திருந்தார்கள்.

பதினேழாம் எண் கெலாங் பாத்தாவில் குடியிருந்தவர். நாற்பது வயது தாண்டியவர். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாவது பாலத்தின் வழியாக மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் துவாஸுக்கு வேலைக்குப் போய்வருபவர். அவரைச் சேர்த்தவன் நான்தான். ஒப்புதல் தாளை மேசைமேல் வைத்தபோது, “சார், நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், மிசின் தாங்குமா?” என்று கேட்டுச் சிரித்தார். முதல் வாரத்தில் அப்படித்தான் பேசினார். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். கஸ்டம்ஸில் வரிசை நின்ற கதை, மழைக்கோட்டு கிழிந்த கதை, தன் மேலாளர் எப்படி நடப்பார் என்பதைக் குரலிலேயே நடித்துக் காட்டிய கதை.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழுக்கு நேரே இருந்த பதிவுகள் குறுகிக்கொண்டே வந்திருந்தன. ஒரு நிமிடம். நாற்பது விநாடி. இருபது விநாடி. நிறம் மட்டும் எல்லா நாளும் பச்சை.

“கோகிலா, பதினேழு ஏன் இப்படிச் சுருங்கிட்டாரு?”

அவர் தன் திரையில் பார்த்தார். “மழைக் காலம் லா அங்கிள். நனைஞ்சு வந்து படுத்துடுவாங்க. பாருங்க, கலர் பச்சைதான். ‘திருப்தி’ன்னு வந்திருக்கு.”

நான் கைப்பேசியைக் கையில் எடுத்தேன். அவர் எண் என்னிடம் இருந்தது. ஆனால் ஆய்வு நடுவில் பங்கேற்பாளரை நாமாக அழைக்கக் கூடாது, அழைத்தால் அவர் சொல்லும் பதில் மாறிவிடும் என்பது விதி. அந்த விதியை நாற்பது பேரிடமும் விளக்கியவனே நான். டாக்டர் அம்மாவிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது, அறிக்கை வேலையில் இருந்தார். கதவைத் தட்டவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டு அடுத்த வரிசையைப் பார்த்தேன்.

சில நாள் கழித்துப் பதினேழிடமிருந்து பதிவு வருவது நின்றது. பதிவு வராவிட்டால் நினைவூட்டல் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தோம். ‘இன்றைய குரல் பதிவை அனுப்ப மறந்துவிட்டீர்களா?’ என்று போகும். மூன்று நாள் போயிருக்கிறது. நான்காவது நாள் காலையில் அந்த எண்ணிலிருந்து ஒரு பதில் வந்திருந்தது.

‘இது அவர் மனைவி. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறிட்டார். இனிமே அனுப்பாதீங்க.’

கோகிலா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பாலத்துக்குப் போகும் சாலையில் விபத்து என்று பிறகு தெரிந்தது. மழை பெய்திருந்தது. வேறு வண்டி எதுவும் இல்லை. போலீஸ் விபத்து என்றே பதிந்தது. அது அப்படித்தான் இருக்கலாம். வழுக்கும் சாலையில் களைத்துப்போனவர்கள் எத்தனையோ பேர் விழுகிறார்கள். விபத்து இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. விபத்துதான் என்று சொல்லவும் கிடையாது.

அன்று மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினேழாம் எண்ணின் பதிவுகளை முதலிலிருந்து கேட்டேன்.

பத்தாவது நாள், களைத்த குரலில் சொல்கிறார்: “பெனாட் லா சார். மனசுல ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல.” பெனாட் என்றால் மலாயில் களைப்பு. அதை விட்டுவிட்டு, மனதில் எந்தக் கவலையும் இல்லை என்று கருவி ஆங்கிலத்தில் மாற்றியிருந்தது. நிறம் பச்சை. பதின்மூன்றாவது நாள்: “எல்லாம் போதும் சார். எல்லாமே போதும்.” எல்லாம் போதுமான அளவு இருக்கிறது என்று மாற்றியிருந்தது. பச்சை, அதற்குப் பக்கத்தில் ‘திருப்தி’ என்ற சொல். வயிறு நிறைந்தவன் சொல்லும் போதும் அது இல்லை என்று நம்மில் எந்தக் குழந்தையும் குரலைக் கேட்டதுமே சொல்லிவிடும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

கடைசிப் பதிவு இருபது விநாடி. தகரக் கூரையில் மழை விழும் சத்தம். அவர் மூச்சுவிடும் சத்தம். பிறகு, “போதும் லா.” மறுபடி மழை. அவ்வளவுதான். கருவி எழுதியிருந்தது: ‘போதும். மிக்க நன்றி, வணக்கம்.’

அவர் நன்றி சொல்லவே இல்லை. மூன்று முறை திரும்பக் கேட்டேன். பேச்சு இல்லாத இடத்தில் இந்தக் கருவிகள் சில சமயம் தாமாக எதையாவது எழுதிவிடும் என்று கோகிலா பிறகு சொன்னார். இணையத்தில் கிடக்கும் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவை, அங்கே பேச்சு முடிந்தால் நன்றிதான் வரும். ஒரு மனிதர் மழைச் சத்தத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு அது மரியாதையான முடிவு ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒலிநாடா காலம். என் முதல் மேலதிகாரி நான் எழுதிக் கொடுத்த தாளை ஒருநாள் திருப்பிக் கொடுத்தார். “இந்த எடத்துல பத்து விநாடி என்ன நடந்துச்சு? ஒண்ணும் எழுதலையே?” என்றார். “ஒண்ணும் பேசலை மேடம்,” என்றேன். “போய்க் கேளு,” என்றார். போய்க் கேட்டேன். அந்தப் பத்து விநாடியும் பேட்டி கொடுத்தவர் அழுதுகொண்டிருந்தார். இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பச்சையைக் கேட்க வேண்டாம் என்று சொன்னேன்.

மறுநாள் நடந்ததை முழுவதுமாக எழுதி டாக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அவர் படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“போலீஸ் விபத்துன்னு சொல்லுது யூசுப். நாம வேற மாதிரி எழுதினா அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“விபத்து இல்லைன்னு நான் எழுதலை டாக்டர். நாம கேக்கலைன்னுதான் எழுதியிருக்கேன்.”

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். குழு ஆய்வை நிறுத்திவைத்தது. அறிக்கையும் போகவில்லை. அந்த நிதி எங்களுக்கு மறுபடி வரவும் இல்லை.

அவர் மனைவி இரண்டு வாரம் கழித்து எங்கள் பிரிவுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கணவரின் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தார்.

“சார், அவரு தெனமும் உங்களுக்குப் பேசி அனுப்புவாரு. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவாரு. அந்தக் குரல் உங்ககிட்ட இருக்குல்ல?”

இருக்கிறது என்றேன்.

“கொடுப்பீங்களா? இந்தப் போன்ல ஒண்ணும் இல்ல. அனுப்பிட்டு அழிச்சிடுவாரு போல.”

குடும்பத்தார் உட்பட யாருக்கும் தரமாட்டோம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்து, அதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆள் இறந்துவிட்டால் அந்த வாக்கு இல்லாமல் போய்விடுமா? குழுவிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன், கூடாது என்று பதில் வந்திருந்தது. அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

“சரி சார். கடைசியா என்ன பேசினாரு? அத மட்டும் சொல்லுங்க.”

அதையும் சொல்லக் கூடாது. வேலையைப் பற்றித்தான் பேசினார் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

“போதும்னு சொன்னாரும்மா. அவ்வளவுதான்.”

அவர் தலையாட்டினார். கைப்பேசியைப் பைக்குள் வைத்து மூடினார்.

“எங்கிட்டயும் சொன்னாரு சார். சாப்பிட உக்காந்தப்ப. போதும்னாரு. நான் சோத்தத்தான் சொல்றாருன்னு தட்ட எடுத்துட்டேன்.”

எழுந்து போய்விட்டார். மின்தூக்கிவரை கூடவே போனேன். நான் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்திருந்தால், அந்தத் தட்டைத் தட்டாகவே அவர் நினைவில் வைத்திருந்திருப்பாரோ என்று தோன்றும்.

அதற்குப் பிறகு செய்ததை மட்டும் சொல்கிறேன். மீதி முப்பத்தொன்பது பேரின் பதிவுகளையும் நாங்கள் காதால் கேட்டோம். நான், கோகிலா, பக்கத்துத் துறையிலிருந்து உதவிக்கு வந்த ஒரு விரிவுரையாளர். காலையில் ஹெட்போனை மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவோம். கோகிலா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. ‘போதும்’ என்ற சொல்லைப் பற்றிக் கருவியின் பொதுப் பக்கத்தில் ஒரு பிழைக் குறிப்பு எழுதிப் போட்டார். எங்கோ வேறு நாடுகளிலிருந்து இரண்டு பேர் உடனே பதில் எழுதினார்கள். நல்லவர்கள். திருத்துவதற்கு மாதிரி ஒலிப்பதிவுகள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எங்களால் அனுப்ப முடியாது. அந்தக் குறிப்பு இன்னும் தீர்க்கப்படாமல் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, கோகிலா ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“அங்கிள், இதக் கேளுங்க. எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு தெரியல.”

முப்பத்தொன்றாம் எண். பெக்கான் நானாஸில் இருப்பவர், தொழிற்சாலைப் பேருந்தில் சிங்கப்பூருக்குப் போய்வருபவர், இரண்டு பிள்ளைகளின் தாய், கணவர் பிரிந்து போய்விட்டார். பதிவில் நிதானமாகச் சொல்கிறார்: “பிள்ளைங்கள எங்க அக்காகிட்ட விட்டுட்டா நல்லா இருக்கும். அவங்க நல்லாப் பாத்துக்குவாங்க. நான் இல்லன்னாத்தான் அதுங்களுக்கு நல்லது.” ஒரே பதிவில் மூன்று இடத்தில் ‘நல்ல’ வந்ததால் கருவி அதற்கு நல்ல பச்சையாகவே போட்டிருந்தது. பதிவின் தேதியைப் பார்த்தேன். ஐந்து வாரம் ஆகியிருந்தது.

இந்த முறை எந்தக் கதவும் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அங்கேயே நின்றபடி எண்ணை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கோகிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை எடுத்தார்.

“யாரு?”

“குரல் பதிவு ஆய்விலேர்ந்து யூசுப் பேசுறேன்மா. நீங்க நல்லா இருக்கீங்களா?”

“அது முடிஞ்சிருச்சே சார்.”

“ஆமா. உங்க பதிவு ஒண்ண இன்னைக்குத்தான் கேட்டேன். பிள்ளைங்கள அக்காகிட்ட விடுறதப் பத்திப் பேசியிருந்தீங்க.”

தொலைவில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இன்னைக்குத்தான் கேட்டீங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் பேசினப்ப யாரும் கேக்கலையா?”

என்ன சொல்வது? கருவி கேட்டது என்றா? “இல்லம்மா. நாங்க கேக்கலை. தப்பு எங்களோடது.”

“நான் தெனமும் யாரோ கேக்குறாங்கன்னு நெனச்சுத்தான் சார் பேசினேன். ஒரு ஆளு கேக்குதுன்னு நெனச்சாத்தான் படுத்தாத் தூக்கம் வரும். மூணு வாரம் நல்லா தூங்கினேன். அது முடிஞ்சப்புறம்தான் ரொம்ப மோசமாப் போச்சு.”

முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், அல்லது அவர் பேசினார், நான் கேட்டேன். இடையில் அவர் நிறுத்தினால் நான் எதையும் சொல்லி நிரப்பவில்லை. கோகிலா அதற்குள் டாக்டர் அம்மாவை அழைத்து வந்துவிட்டார். டாக்டர் அம்மாவும் அவரோடு பேசினார். மறுநாள் பெக்கான் நானாஸ் அரசாங்கக் கிளினிக்குக்கு வருவதாக அந்தப் பெண் ஒத்துக்கொண்டார். அன்று இரவு அக்கா வந்து கூட இருப்பார் என்று அக்காவிடமே பேசி உறுதி செய்துகொண்டோம்.

போனை வைப்பதற்கு முன் அந்தப் பெண் ஒன்று கேட்டார். “என் குரல எல்லாம் அழிச்சிடுவீங்களா சார்? இனிமே யாரும் அத மிசின்ல போட வேணாம்.”

அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் தொடர்பில் இருக்கும்போதே அழித்தேன். ஒவ்வொன்றாக அழித்து, முடிந்தது என்று சொன்னேன். அந்தக் கருவியைத் திருத்த எங்கள் கையில் இருந்த மிகச் சரியான சான்று அது என்று எனக்கும் தெரியும், கோகிலாவுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நானும் கோகிலாவும் கிளினிக்குக்குப் போய் வாசலில் நின்றோம். எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. கோகிலா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழைக்கலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறும்மா என்றேன், எனக்கே பொறுக்கவில்லை. ஒன்பதரைக்கு ஒரு கார் வந்து நின்றது. அக்காவாக இருக்க வேண்டும், ஒரு பெண் முதலில் இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு ஒல்லியான ஒருவர் இறங்கினார். குரலை அத்தனை நேரம் கேட்டிருந்தும் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். நாங்கள் யாரென்று அவருக்குப் புரிந்தது. ஒரு கணம் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போய், எண் சீட்டு வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.